கூண்டுக்குள் புலி, களத்தில் எலி: பிள்ளைகளுக்குப் பேஸ்பால் மட்டையடி கற்றுக்கொடுத்த எட்டு ஆண்டுகள்

வட கரோலினாவில் ஏப்ரல் மாதம் பைன் மரங்கள் மகரந்தம் உதிர்க்கும் காலம். களத்தோரப் பலகையைத் துடைக்காமல் உட்கார்ந்து எழுந்தால் கால்சட்டையில் மஞ்சள் அப்பியிருக்கும். அப்படியொரு சனிக்கிழமைக் காலையில், ஆட்டத்துக்கு முன் மட்டையடி பழகும் வலைக்கூண்டுக்குள் நான் எறிந்த இருபது பந்துகளில் பதினேழைப் பளீர் பளீரென்று அடித்த பத்து வயதுப் பையன் ஒருவன், அரை மணி நேரம் கழித்துக் களத்தில் இறங்கி, மூன்று ஸ்டிரைக்குகளையும், அதாவது அடித்திருக்க வேண்டிய மூன்று பந்துகளையும், தோளிலிருந்து மட்டையை எடுக்காமலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அடுத்த முறையும் அதுவே நடந்தது. மூன்றாம் முறை, தலைக்கு மேலே போன பந்தைத் துரத்திச் சுழற்றி வெளியேறினான். ஆட்டம் முடிந்ததும் அவனுடைய அப்பா வேலியருகே வந்து, "கூண்டில் நன்றாகத்தானே அடித்தான்?" என்று கேட்டார். அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

நான் பேஸ்பால் ஆடி வளர்ந்தவன் அல்லன். திருச்சி பொன்மலையில் ரயில்வே குடியிருப்பு மைதானத்தில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடியதோடு சரி. வட கரோலினாவின் கேரி நகருக்குக் குடிவந்த பிறகு மகனைச் சிறுவர் பேஸ்பால் லீக்கில் சேர்க்கப் போன இடத்தில், பெற்றோரில் யாரும் முன்வராவிட்டால் அந்த அணியே கிடையாது என்று சொன்னார்கள். எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கையைத் தூக்கிவிட்டேன். மகனுடன் ஐந்து ஆண்டுகள் பேஸ்பால், பிறகு மகளுடன் மூன்று ஆண்டுகள், பேஸ்பாலுக்கு உறவான சாஃப்ட்பால் என்று அது எட்டு ஆண்டுகள் நீண்டது. அதில் முதல் இரண்டு ஆண்டுகளை நான் வீணடித்தேன் என்றே சொல்வேன். பிள்ளைகளின் முழங்கை எங்கே இருக்கிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது என்று மட்டைச் சுழற்சியையே திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பையனின் சுழற்சியில் திருத்துவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பேஸ்பால் மட்டையடி எளிதாகத் தெரியும். பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை, பந்தெறிபவரான பிட்சர் ஓடி வருவதில்லை, ஸ்டம்பும் இல்லை. ஆனால் கிரிக்கெட்டில் பிடிக்காத பந்தை விட்டுவிடலாம். ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்துகளைக் காலை முழுக்க விட்டுக்கொண்டிருந்தவரை நாம் பொறுமைசாலி என்று பாராட்டுவோம். இங்கே மட்டையாளர் முன் தரையில் பதித்த, 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட் என்ற தட்டுக்கு மேலே, சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி மட்டையாளரின் அக்குளுக்கும் முழங்காலின் மேற்பகுதிக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி நிற்கிறது. அதன் வழியே போகும் பந்தை விட்டாலும் ஸ்டிரைக்தான், மூன்றாவதோடு கதை முடிந்தது. ஆகவே அடிப்பதா விடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு பந்துக்கும் உண்டு. கூண்டுக்குள் அந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கே வருவது எல்லாம் அடிப்பதற்கென்றே வருகிற பந்து. விட்டால் வரிசையில் நிற்கிற அடுத்த பையன் முணுமுணுப்பான். நாங்கள் ஆண்டுக்கணக்கில் பழக்கியது ஒரு வேலை, ஆட்டத்தன்று கேட்டது வேறொரு வேலை.

இதற்கு அடுத்தது நேரக் கணக்கு. ஒருநாள் இரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. 12 வயதுக்கு உட்பட்டவர்களின் லிட்டில் லீக் ஆட்டத்தில் பிட்சர் 46 அடி தொலைவிலிருந்து எறிகிறார். நன்றாக எறியும் பதினொரு வயதுப் பையன் மணிக்கு 50 மைல் வேகத்தில் எறிந்தால் அது நொடிக்கு 73 அடி. காலை முன்னே நீட்டி வைத்துக் கையை விடுவதால் பந்து உண்மையில் கடக்கும் தூரம் 42 அடிக்குள்தான். அதாவது ஏறத்தாழ 0.57 நொடி. நான் அதே 46 அடியில் நின்று, பிள்ளைகள் அடிக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் மணிக்கு 35 மைல் வேகத்தில் மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தேன்; அது போய்ச் சேர 0.9 நொடி ஆகும். பயிற்சியில் கிடைக்கும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஆட்டத்தன்று பறித்துக்கொண்டு, ஏன் அடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்கு மருந்து வேகமாக எறிவது அன்று. நாற்பதைக் கடந்த என் தோளுக்கு அது ஆகாது. வேகமாக எறியப் போனால் பந்து பிள்ளைகளின் விலாவுக்குப் போகும். கிட்டப் போக வேண்டும், அவ்வளவுதான். அதே 35 மைல் வேகத்தில் 29 அடியிலிருந்து எறிந்தால் அதே 0.57 நொடி கிடைத்துவிடுகிறது. எல் வடிவ வலைத்தடுப்பு ஒன்றை அந்த இடத்தில் நிறுத்தி, அதன் தாழ்ந்த பக்கம் வழியாக எறிந்துவிட்டு உடனே உயர்ந்த பக்கத்தின் பின்னால் ஒதுங்கிவிட வேண்டும். ஒதுங்கத் தாமதித்து ஒருமுறை முழங்கையில் வாங்கியிருக்கிறேன். தடுப்பு இல்லாமல் 29 அடியில் யாரும் நிற்கக் கூடாது. முதல் நாள் பிள்ளைகள் எல்லோரும் தாமதமாகச் சுழற்றினார்கள், பந்து பின்வலையில் போய் விழுந்தது, இருவர் அழும் நிலைக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காமலேயே அவர்களுடைய சுழற்சி குறுகியிருந்தது. மட்டையைப் பின்னால் கொண்டுபோய் வட்டமடித்து வர நேரம் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், நான் ஓராண்டாகத் தொண்டை வறளச் சொன்னதை அது தானாகச் செய்துகொள்கிறது.

அடுத்து நான் மாற்றியது பந்துகளின் வரிசை. முன்பெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருபது பந்து நடுவில் போடுவோம். ஐந்தாவது பந்திலிருந்தே பிள்ளைக்குத் தாளம் பிடித்துவிடும். பிறகு வருவது அடி அன்று, எதிரொலி. 1994இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு ஆறு வாரங்கள், வாரம் இரண்டு முறை, வழக்கமான பயிற்சிக்கு மேல் 45 பந்துகள் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வேகப்பந்து 15, வளைபந்து 15, மெதுபந்து 15 என்று வகை வகையாகப் பிரித்து. இன்னொரு குழுவுக்கு அதே 45 பந்துகளை எது எப்போது வரும் என்று தெரியாதபடி கலந்து. இறுதிச் சோதனையில் பிரித்துப் பழகியவர்கள் ஏறக்குறைய 25 விழுக்காடும், கலந்து பழகியவர்கள் ஏறக்குறைய 57 விழுக்காடும் முன்னேறியிருந்தார்கள். கூடுதல் பயிற்சியே இல்லாதவர்களின் முன்னேற்றம் 6 விழுக்காடு. கல்லூரிக்காரர்களின் கணக்கு பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் கலந்து எறியத் தொடங்கிய பிறகு பயிற்சி பார்ப்பதற்கு அலங்கோலமாகவும் ஆட்டம் முன்னைவிடத் தெளிவாகவும் மாறியதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த அலங்கோலத்தைப் பெற்றோருக்கு விளக்குவதுதான் பெரும்பாடு. நடுவே ஒன்று, வெளியே ஒன்று, கால்மாட்டில் ஒன்று, மெதுவாக ஒன்று என்று எறியும்போது பிள்ளை பாதியைத்தான் அடிக்கும். வேலிக்கு அந்தப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு, போன வாரம் எல்லாவற்றையும் அடித்த தன் பிள்ளை இந்த வாரம் கெட்டுப்போய்விட்டதாகத் தோன்றும். ஒரு தாய் என்னிடம் நேராகவே, "அவள் நம்பிக்கையை ஏன் உடைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பயிற்சியின் கடைசி ஐந்து பந்துகளை மட்டும் எல்லோருக்கும் நடுவில், அடிக்க வாகாகப் போட்டு, நல்ல சத்தத்தோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது பயிற்சிக்காக அன்று, இரவு நல்ல தூக்கத்துக்காக.

இனி நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். ஒன்பது, பத்து வயதில் பிட்சர்களுக்கே பந்து எங்கே போகும் என்று தெரியாது. நான்கு பந்துகள் பெட்டிக்கு வெளியே போனால் மட்டையாளர் நடந்தே, ஓட்டத்தின் முதல் நிறுத்தமான முதல் பேஸுக்குப் போய்விடலாம். இதைப் பார்த்த எந்தக் கோச்சுக்கும் ஆசை வரும்: அடிக்காதே, நில், அவனே கெடுத்துக்கொள்வான். என்னுடைய இரண்டாவது ஆண்டில், ஒரு ஸ்டிரைக் விழும் வரை யாரும் மட்டையைச் சுழற்றக் கூடாது என்று நான் சட்டமே போட்டேன். ஆட்டங்களை வென்றோம். நடந்தே வென்றோம். மறு ஆண்டு பிள்ளைகள் மேல் பிரிவுக்குப் போனபோது அங்கிருந்த பிட்சர்கள் முதல் பந்தையே நடுவில் போட்டார்கள். என் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கற்றுக்கொடுத்ததும் அதைத்தானே. மூன்று ஸ்டிரைக்குகளையும் பார்த்துவிட்டு வந்த அந்தப் பையன் இப்படி என் கையில் பழகியவன். அந்த ஆண்டுக் கோப்பை இன்னும் எங்கள் கார் கொட்டகையில் இருக்கிறது, அதை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

இப்போது நான் சொல்வது இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு பந்துக்கும் மட்டையாளர் அடிக்கத்தான் போகிறார். பந்து மோசம் என்று தெரிந்தால் கடைசி நொடியில் நிறுத்திக்கொள்கிறார். மனத்துக்குள் "ஆம், ஆம், ஆம்" என்று சொல்லிக்கொண்டே போய், வேண்டாத பந்துக்கு மட்டும் "இல்லை" என்று முடிப்பது. அடிக்கத் தயாரான உடம்பு நின்றுவிட முடியும். விடத் தயாரான உடம்பு அந்த அரை நொடிக்குள் அடிக்கத் தொடங்க முடியாது. இதைப் பேசிப் புரியவைக்க முடியாது என்பதால் ஒரு விளையாட்டாக ஆக்கினோம். கிட்டத்திலிருந்து நான் எறிவேன், மட்டையாளர் காலைத் தூக்கி எடுத்துவைத்து எல்லாம் செய்வார், ஆனால் சுழற்ற மாட்டார். பந்து பாதி வழி வருவதற்குள் "ஆம்" அல்லது "இல்லை" என்று உரக்கக் கத்த வேண்டும். மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர், அவருக்கும் பின்னால் நிற்கும் இன்னொரு பிள்ளை அது ஸ்டிரைக்கா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும். அடிக்காமலேயே பத்துப் பந்து. முதல் நாள் பந்து கேட்சரின் கையுறைக்குள் போன பிறகுதான் பாதிப் பேர் கத்தினார்கள். தீர்ப்புச் சொல்லும் இடத்துக்குத்தான் அடிதடி. அம்பயராக இருப்பதில் பிள்ளைகளுக்கு அப்படியொரு ஆனந்தம், அங்கே நின்று பார்ப்பவருக்கும் கண் பழகுகிறது என்பது கூடுதல் வரவு.

ஸ்டிரைக் எண்ணிக்கைக்கு ஏற்ற திட்டமும் தேவை. அதைப் பத்து வயதுப் பிள்ளையின் மண்டைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கினோம். இரண்டு ஸ்டிரைக் விழும் வரை தனக்குப் பிடித்த இடத்தில் வரும் பந்து. இரண்டு விழுந்த பிறகு பிளேட்டுக்கு அருகில் வரும் எதையும் விடாதே. இளம் பிரிவுகளில் அம்பயர்களின் பெட்டி அகலமாகத்தான் இருக்கும், ஆட்டம் முடிய வேண்டும் அல்லவா. அதைப் பற்றிப் புலம்புவதில் பயனில்லை. இதைப் பழக, பயிற்சி ஆட்டங்களில் ஒவ்வொருவருக்கும் கணக்கை 1-1 (பெட்டிக்கு வெளியே போன பந்து ஒன்று, ஸ்டிரைக் ஒன்று) என்று தொடங்குவோம். அடுத்த பந்தே முக்கியமாகிவிடும், ஆட்டமும் வேகமாக நகரும், தொண்ணூறு நிமிடங்களில் ஒவ்வொருவருக்கும் நான்கைந்து வாய்ப்புகள் கிடைக்கும். ஆட்டத்துக்கு ஆறே இன்னிங்ஸ், வந்திருக்கும் எல்லாரும் வரிசையில் அடிப்பார்கள் என்பதால், லீக் ஆட்டம் ஒன்றில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகள்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

லிட்டில் லீக்கின் ஒரு விதி எனக்கு முதலில் எரிச்சலூட்டியது. பன்னிரண்டு வயது வரையிலான பிரிவுகளில், அடுத்து அடிக்க வேண்டியவர் வெளியே வட்டத்தில் நின்று மட்டையைச் சுழற்றிப் பார்க்கக் கூடாது; ஒவ்வொரு அரை இன்னிங்ஸிலும் முதல் ஆளைத் தவிர மற்றவர்கள், அணி உட்காரும் டக்அவுட்டுக்குள் மட்டையைத் தொடாமல்தான் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கான விதி, சரியான விதி. ஆனால் தொலைக்காட்சியில் பெரியவர்கள் வட்டத்தில் நின்று பிட்சரின் தாளத்தைப் பிடித்துக்கொள்வது போல இந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பில்லை. பேசிக்கொண்டும் சூரியகாந்தி விதையைத் துப்பிக்கொண்டும் உட்கார்ந்திருப்பார்கள், பெயர் கூப்பிட்டதும் தலைக்கவசத்தைத் தேடுவார்கள், முதல் பந்து வரும்போதுதான் பிட்சரையே முதன்முறையாகப் பார்ப்பார்கள்.

நாங்கள் செய்தது இதுதான். அடுத்து அடிக்க இருக்கும் மூவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். கையில் ஒன்றும் இருக்காது. பிட்சரின் கை பின்னால் இறங்கும்போது முன்காலின் குதிகால் மேலே எழ வேண்டும். பந்து கையை விட்டுப் புறப்பட்டதும் கால் தரையைத் தொட்டிருக்க வேண்டும். மூன்று ஜோடிக் காலணிகள் செம்மண்ணில் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்குவதைப் பார்க்கக் கோலாட்டம் போலிருக்கும். பிட்சர் மாறினால் இது இன்னும் பயன்படும். ஒன்பது, பத்து வயதினர் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது, பதினொன்று, பன்னிரண்டில் 85 என்று வரம்பு இருப்பதால், நல்ல பிட்சர் போய் மெதுவாக எறிபவர் வருவது ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கும். வேகப்பந்துக்குப் பழகிய கால் முன்கூட்டியே இறங்கிவிட, மெதுவான பந்துக்கு அணி முழுவதும் முன்னால் விழுந்து சுழற்றுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். புதிய பிட்சர் ஒத்திகைக்காக எறியும் பந்துகளின்போது எங்கள் பிள்ளைகள் மூவர் அல்ல, எல்லோருமே வேலிக்கு வந்துவிடுவார்கள்.

மகள் சாஃப்ட்பாலுக்குப் போனபோது எனக்குத் தெரிந்ததில் பாதியை மறக்க வேண்டியிருந்தது. பெயரில்தான் மென்மை. பந்தின் சுற்றளவு 12 அங்குலம், பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 11. பேஸ்பாலோ ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேலே. பந்து பெரிது, ஆகவே எளிது என்று நினைப்பவர்கள் தொலைவைக் கணக்கில் எடுப்பதில்லை. 12 வயதுக்கு உட்பட்ட பிரிவில் பிட்சர் நிற்பது 40 அடியில். உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் 43 அடி. கையைக் காற்றாலை போல முழுச்சுற்றுச் சுற்றி, நெடிய தாவலோடு விடுவதால் பந்து 35 அடி தொலைவிலிருந்துதான் புறப்படுகிறது. மணிக்கு 50 மைல் வேகத்தில் ஒரு சிறுமி எறியும் பந்துக்குக் கிடைக்கும் நேரம், பேஸ்பாலில் 46 அடியிலிருந்து ஏறக்குறைய 60 மைல் வேகத்தில் வரும் பந்துக்குக் கிடைப்பதற்குச் சமம்.

அதைவிடப் பெரிய வேறுபாடு, பந்து எங்கிருந்து வருகிறது என்பது. பேஸ்பாலில் தோளுக்கு மேலே கண்ணை வைத்தால் போதும். இங்கே கை மேலே சுழலும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தால், பந்து இடுப்பருகே புறப்பட்டுப் பாதி தூரம் வந்திருக்கும். என் மகள் முதல் ஆண்டில் இப்படித்தான் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிட்சரின் முகத்தையோ உடலின் நடுவையோ சும்மா பார்த்திரு, கை கீழே வரும்போது இடுப்பை ஒட்டிய சன்னலைப் பார் என்று சொன்னேன். "எந்தச் சன்னல்?" என்று கேட்டாள். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, பிட்சராகப் பழகும் இன்னொரு சிறுமியின் பக்கத்தில் கம்பில் கட்டி நிறுத்திக் காட்டினோம். பந்து அந்தச் சதுரத்தின் அருகே தோன்றுவதை மட்டையில்லாமல் முப்பது முறை பார்த்தாள். பிறகு அட்டை தேவைப்படவில்லை. பந்தெறி இயந்திரத்தின் குறை இங்கேதான் தெரிகிறது. இயந்திரத்துக்குக் கை கிடையாது, இடுப்பும் கிடையாது. ஒரு குழாயிலிருந்து பந்து திடீரென்று வருகிறது, ஒவ்வொன்றும் ஒரே வேகத்தில். வேகத்துக்குக் கண்ணைப் பழக்க அதைப் பயன்படுத்தலாம். மட்டையாளர் உண்மையில் படிக்க வேண்டியது எறிபவரின் உடம்பை. அதை அந்த இயந்திரம் காட்டாது.

பயத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. மட்டையைச் சுழற்றாமல் நிற்கும் பிள்ளைகளில் பலர் முடிவெடுக்கத் தெரியாமல் நிற்கவில்லை, பந்து மேலே படுமோ என்று நிற்கிறார்கள். அவர்களுடைய முன்கால் பந்தை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் விலகும். கோச்சுகள் அதைச் சுழற்சியில் உள்ள கோளாறு என்று நினைத்துத் தரையில் கோடு போட்டும், காலுக்குப் பின்னால் மட்டையைக் கிடத்தியும் திருத்தப் பார்ப்பார்கள். நானும் செய்தேன். எங்கள் அணியில் ஒரு சிறுமி, முந்தைய ஆண்டு விலாவில் பந்து பட்டவள், கூண்டில் மட்டும் நேராகக் கால் வைப்பாள், களத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் விலகிவிடுவாள். ஒருநாள் மட்டையை வாங்கி வைத்துவிட்டு, அவளுடைய தலைக்கவசத்தை மாட்டச் சொல்லி, ஒரு வாளி டென்னிஸ் பந்துகளோடு இருபது அடியில் நின்றேன். "இன்று உன் மேல்தான் எறியப் போகிறேன்" என்றேன். கண்கள் விரிந்தன. பந்து உன்னை நோக்கி வந்தால் முகத்தைப் பிட்சருக்குக் காட்டாதே, கேட்சர் பக்கமாக உள்ளே திரும்பு, தாடையைத் தோளுக்குள் புதை, முதுகுச் சதையில் வாங்கு என்று செய்து காட்டினேன். கிரிக்கெட்டில் குனிந்தும் சாய்ந்தும் பழகிய எனக்கே அது முதலில் வரவில்லை. மூன்று முறை தப்பாகத் திரும்பி அவள் சிரிப்பதற்கு இடமானேன். முதல் பத்துப் பந்துகளுக்கு அவள் துள்ளி ஓடினாள். அதற்குப் பிறகு ஒன்று தோள்பட்டையின் பின்புறத்தில் தொப்பென்று பட்டது. திரும்பிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள். இரண்டு வாரம் ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் இதைச் செய்தோம். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பந்து வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த பிறகு, அவளுடைய கால் விலகுவது குறைந்தது.

மட்டையின் எடை பற்றி ஒரு வார்த்தை. வளர்ந்துவிடுவான் என்று பள்ளிச் சீருடையைப் பெரிதாக வாங்குவது போல மட்டையையும் பெரிதாக வாங்குகிறோம், நம்மவர்கள் குறிப்பாக. மட்டையின் நீளம் அங்குலத்தில், எடை அவுன்ஸில் குறிக்கப்பட்டிருக்கும். 29 அங்குலமும் 19 அவுன்ஸும் என்றால் வேறுபாடு 10. பக்கவாட்டில் கையை நீட்டி மட்டையைப் பிடித்து இருபது நொடி நடுங்காமல் நிற்க முடியாத பிள்ளைக்கு அந்த மட்டை கனம், அதை மாற்றுங்கள். 2018 முதல் லிட்டில் லீக் பேஸ்பாலின் சிறுவர் பிரிவுகளில், மர மட்டையைத் தவிர்த்தால், யு.எஸ்.ஏ. பேஸ்பால் முத்திரையுள்ள மட்டைகளே செல்லும் என்பதால், மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மட்டையை வாங்கும் முன் முத்திரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

களத்தில் பிள்ளையின் காதில் எத்தனை குரல்கள் விழுகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். முழங்கையை உயர்த்து, பந்தைப் பார், முழங்காலை மடக்கு, நெருங்கி நில், பயப்படாதே. ஐந்து பேர், ஐந்து கட்டளைகள், பந்து அரை நொடியில் வந்துவிடுகிறது. அவற்றில் ஒன்று என்னுடைய குரல், இன்னொன்று என் மனைவியுடையது. இதில் "பந்தைப் பார்" என்பது பார்க்காமலா நிற்கிறான் என்று கேட்கவைக்கும் அறிவுரை. மட்டையில் படும் கடைசிச் சில அடிகளில் பெரிய ஆட்டக்காரர்களின் கண்ணாலேயே பந்தைத் தொடர முடிவதில்லை. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். மட்டை பிடிக்கும் பிள்ளைக்குக் களத்திலிருந்து நுட்பம் எதுவும் சொல்லக் கூடாது, பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்தலாம். மட்டையாளர் நிற்கும் கட்டத்துக்குள் காலை வைக்கும் முன் பிள்ளை தானே ஒரு மூச்சை வெளியே விட்டு, தனக்கென்று வைத்திருக்கும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொள்ளும். என் மகனுடைய சொல் "சீக்கிரம்", கால் தாமதமாக இறங்குவது அவனுடைய வியாதி என்பதால். மகள் தன்னுடைய சொல்லை இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

பெற்றோர் இதற்கு உடன்பட ஓர் ஆண்டு ஆனது. வீட்டுக்குப் போகும் காருக்குள் ஆட்டத்தைப் பற்றி நாமாக எதுவும் பேசுவதில்லை என்ற வழக்கத்துக்கு நான் உடன்பட அதைவிட அதிக காலம் ஆனது. பதினைந்து நிமிடப் பயணத்தில் பின்னிருக்கையிலிருந்து வந்த மௌனத்தை நான் கவனம் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போன நாட்கள் உண்டு.

கணக்கெழுதும் முறையையும் மாற்றினோம். 1941இல் டெட் வில்லியம்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் .406 (ஆயிரத்துக்கு 406 வெற்றி அடி) என்ற சராசரியுடன் ஒரு பருவத்தை முடித்தார். அதற்குப் பிறகு உயர்மட்டப் போட்டிகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் பருவம் ஒன்றில் .400ஐத் தாண்டிய தகுதிபெற்ற மட்டையாளர் யாரும் இல்லை. அவருக்கே பத்தில் ஆறு முறை கிடைக்காமல்தான் போனது. பருவம் முழுவதும் நாற்பது வாய்ப்புகள் பெறும் பிள்ளைக்குச் சராசரி என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டக் கணக்கு: பலமாக அடித்த பந்து நேராகக் கையுறைக்குள் போகும், மட்டையின் அடியில் பட்ட பந்து மூன்று பேருக்கு நடுவே சொத்தென்று விழும். ஆகவே என் குறிப்பேட்டில் வேறு வகையில் எழுதினேன். பலமாகப் பட்டதா, எட்டுப் பந்துக்கு மேல் தாக்குப்பிடித்தாளா, மோசமான பந்துகளை விட்டு நடந்து போனானா, பேஸில் இருந்தவரை முன்னே நகர்த்தினாளா. இவற்றில் ஒன்று இருந்தால் அவுட்டே ஆனாலும் ஒரு புள்ளி. பிள்ளைகள் ஓடி வந்து, "கோச், அது புள்ளியா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். டக்அவுட்டில் தலைக்கவசம் பறப்பது குறைந்தது.

தொடக்கத்தில் சொன்ன பையன் மறு ஆண்டும் என் அணிக்கே வந்தான். கூண்டில் முன்போல இருபதுக்குப் பதினேழு அடிப்பதில்லை, எறிவதே கிட்டத்திலிருந்தும் கலந்தும் என்பதால் பத்துப் பன்னிரண்டுதான். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மெதுவாக எறியும் புதிய பிட்சர் வந்திருந்தார். அவன் முதல் பந்தை விட்டான், இரண்டாவதைச் சுழற்றித் தரையோடு இரண்டாம் பேஸ்காரரிடம் அடித்தான், முதல் பேஸை எட்டும் முன்பே அவுட். தலையைக் குனிந்துகொண்டுதான் திரும்பி வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. வாளியிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்தவன், என்னைப் பார்க்காமலேயே, "கால் சீக்கிரம் இறங்கிவிட்டது, கோச். முன்னால் விழுந்துவிட்டேன்" என்றான். பிறகு வேலியருகே போய், அடுத்த மூவரில் ஒருவனாக இல்லாதபோதும், பிட்சரைப் பார்த்துக் குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான்.